வீடு பார்க்க வந்தவன்

மலேசியாவின் கிள்ளானில் என் பெட்டியை மூடுவதற்கு முன் மருமகள் கடைசியாக உள்ளே வைத்தது ஒரு பூட்டு. கனமான பித்தளைப் பூட்டு, மூன்று சாவிகளோடு. "அம்மா கேட்டாங்க அத்தை. அங்க கெடைக்கிற பூட்டெல்லாம் ரெண்டு தட்டு தட்டினா தொறந்துக்குதாம்" என்றாள். அவளுக்கு ஏழு மாதக் கர்ப்பம். விமானத்தில் போக முடியாது. பாண்டிச்சேரிப் பக்கம், வில்லியனூருக்கு அடுத்த ஒரு கிராமத்தில் அவளுடைய அம்மா பூங்காவனம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு தனியாகக் கிடக்கிறார். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். சம்பந்தியை நடக்க வைக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று குடும்பமே முடிவு செய்துவிட்டது. பத்து நாள் பயணம்.

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்வதை வைத்து யாரும் அந்த ஊரை எடை போடக்கூடாது. நான் வசிக்கும் தாமான் - குடியிருப்புப் பகுதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் - எந்த விதத்திலும் அதைவிட மேல் இல்லை.

முதல் நாளே பேருந்து நடத்துநர் என்னை ஒரு நிறுத்தம் முன்னதாக இறக்கிவிட்டார். "தோ, நேரா போனீங்கன்னா ஊருதான்." அந்த 'நேரா' ஒன்றரைக் கிலோமீட்டர். இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டிய கரும்பு. பெட்டியின் சக்கரம் ஒன்று ஜல்லியில் சிக்கி உடைந்து, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுபட்டது. கைப்பையைச் சாலைப் பக்கம் இல்லாத தோளுக்கு மாற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல. கிள்ளானில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நடப்போம். என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் பையை மோட்டார் சைக்கிளில் வந்தவன் இழுத்தான். சாலை விளிம்பில் தலை மோதி, நாங்கள் வேலை பார்த்த அதே வார்டில் நான்கு நாள் கிடந்து இறந்தாள். அதற்குப் பிறகு பின்னால் வண்டிச் சத்தம் கேட்டாலே என் தோள் தானாக இறுகிக்கொள்ளும்.

ஊர் முனையில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு மூங்கில் தடுப்பு இருந்தது. 'வெளியாட்கள் அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் பலகை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு இளைஞர்கள். ஒருவர் மடியில் கோடு போட்ட நோட்டு.

"யாரு வூட்டுக்கு?"

"பூங்காவனம் வீட்டுக்கு. நான் அவங்க சம்பந்தி. மலேசியாவுல இருந்து வர்றேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மலேசியாவுலருந்து யாராச்சும் நடந்து வருவாங்களா?" என்றார் நோட்டுக்காரர். என் தமிழும் அவருக்குப் பிடிபடவில்லை. கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னை வெயிலில் நிற்க வைத்துப் படம் எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார். பத்து நிமிடம் கழித்து ஒரு டிவிஎஸ் வண்டி பறந்து வந்தது. ஐம்பது வயதிருக்கும், கரும்பு வெட்டிவிட்டு அப்படியே வந்தவர் போல லுங்கியும் பனியனும்.

"இன்னாடா பண்றீங்க? எங்க அண்ணியோட சம்பந்திடா!" என்று அவர்களைத் திட்டிவிட்டு, என்னிடம் கைகூப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா. ஊரு நெலம அப்படி ஆயிப்போச்சு."

அவர் ஏழுமலை. பூங்காவனத்தின் கணவருடைய தம்பி. அண்ணன் இறந்த பிறகு அந்த வீட்டுக்கு எல்லாம் அவர்தான் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். இந்தக் காவல் ஏற்பாடும் அவருடையதுதான்.

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் தாமான் வாசலிலும் தடுப்புக் கம்பம் உண்டு. நேபாளக் காவலாளி ஒருவர் கார் எண்ணைக் குறித்துக்கொள்வார். நாங்கள் மாதச் சந்தா கட்டி எங்கள் பயத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டோம். இங்கே அவரவர் பயத்தை அவரவரே நாற்காலி போட்டுக் காக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான் என்று அன்று நினைத்தேன்.

மறுநாள் காலை முதல் என் வேலை தொடங்கியது. காலை நீட்டு, மடக்கு, ஐந்து வரை எண்ணு, விடு. பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். பத்து முடிந்ததும், "போதும் சம்பந்தி, எங்கம்மாகூட என்ன இவ்ளோ பாடு படுத்தல" என்பார். என்னைவிட மூன்று வயது இளையவர். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். ஏழுமலையின் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும் கொண்டு வந்து வைத்தார். சாயங்காலம் ஒரு தட்டு நிறைய அவித்த கடலை. "மல்லாட்ட சாப்புடுங்க" என்றபோது எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் கச்சான். இங்கே மல்லாட்டை. தோலை உரித்தபடியே பூங்காவனம் தன் கதையைச் சொன்னார்.

இரண்டு மாதம் முன்பு, காலை பதினொரு மணி. பால் சொசைட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஹெல்மெட் போட்ட இருவர் வண்டியை நிறுத்தி விலாசம் கேட்டார்கள்.

"நானும் தோ இப்படிப் போப்பான்னு கைய நீட்டிச் சொல்லிக்கினு இருக்கேன். பின்னால குந்தியிருந்தவன் கழுத்துல கைய வச்சான். தாலிக்கொடி. அவரு போனப்பகூட நான் விக்கல சம்பந்தி, பொட்டில வச்சிருந்து அப்பால செயினா மாத்திப் போட்டுக்கினது. நான் வுடல. கெட்டியாப் புடிச்சிக்கினேன். வண்டி இழுத்துக்கினு போச்சு."

எட்டடி தூரம் தரையில் இழுபட்டிருக்கிறார். முழங்கால் சிப்பி இரண்டாக உடைந்துவிட்டது. ஏழுமலைதான் தூக்கி வண்டியில் போட்டுப் பிள்ளையார்குப்பம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

"மொகத்தைப் பாத்தீங்களா?"

"எங்க பாக்குறது? ரெண்டு பேருக்கும் ஹெல்மெட்டு. கைதான் பாத்தேன். மணிக்கட்டுல செவப்புக் கயிறு. அது மட்டும் கண்ணுலயே நிக்குது."

இந்த ஒரு சம்பவம் ஊரையே மாற்றிப் போட்டிருந்தது. பெண்கள் நகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கவரிங் போட்டுக்கொண்டார்கள். அதையும் துண்டால் மூடிக்கொண்டார்கள். களை எடுக்க ஆறு பேராகச் சேர்ந்துதான் கிளம்பினார்கள். பல வருடங்களாகச் சைக்கிளில் வந்து புடவை விற்றவரைத் தடுப்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் கொண்டுபோன பூட்டைப் பார்த்ததும் பூங்காவனத்தின் முகம் மலர்ந்தது. பகலிலும் அதை வாசல் கம்பிக் கதவில் மாட்டச் சொன்னார். நாங்கள் இருவரும் உள்ளே இருக்க, கதவுக்குப் பூட்டு. எனக்கு அது பழக்கம்தான். கிள்ளானில் என் வீட்டுக்கு இரும்புக் கதவே மூன்று.

மூன்றாம் நாள் ஏழுமலை தன் கைபேசியில் ஒரு காணொளி காட்டினார். ஓர் ஆள் வீட்டுச் சுவரில் சாக்குக் கட்டியால் குறி போடுகிறான். "வடநாட்டுக்காரங்க. பகல்ல வந்து வூட்ட நோட்டம் பாத்து குறி போட்டுட்டுப் போறது. அப்பால வேற ஆளு வர்றது. நம்ம பக்கத்துலதான் நடந்திருக்குது."

அதே காணொளியை நான் எங்கள் தாமான் குழுவில் பார்த்திருக்கிறேன். அப்போது அது எங்கள் நாட்டு ஜொகூர் மாநிலத்தில் நடந்ததாக எழுதியிருந்தது. குறி போட்டவன் இந்தோனேசியக்காரன். இதைச் சொன்னேன்.

ஏழுமலை சற்று யோசித்தார். "எங்க நடந்தா இன்னாங்க? எங்கியோ நடந்துச்சில்ல?" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "அண்ணியத் தூக்கிக்கினு போனப்ப என் சட்டையெல்லாம் ரத்தம். இன்னொருவாட்டி அதப் பாக்க முடியாதுங்க" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். பூங்காவனத்துக்குக் காலில் ஒத்தடம் கொடுத்துவிட்டு, ஜன்னலருகே துணி மடித்துக்கொண்டிருந்தேன். தெருவின் எதிர்ப்பக்கம் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, கட்டம் போட்ட சட்டை. தடுப்பு வழியாக வரவில்லை. வாய்க்கால் ஓரத்துப் பாதையிலிருந்து ஏறி வந்திருந்தான். ஒரு வீட்டின் முன் நின்றான். கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். அடுத்த வீடு. அதையும் பிடித்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான்.

நான் ஜன்னலை விட்டுப் பின்வாங்கினேன். இறந்துபோன அந்தத் தோழியின் முகம் ஏன் அப்போது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. கைபேசியை எடுத்து ஏழுமலையை அழைத்தேன்.

"தம்பி, ஒருத்தன் வீடு வீடா படம் எடுக்குறான். வெளியூர்க்காரன் மாதிரி இருக்கு."

"உள்ள தாப்பா போட்டுக்குங்க. தோ வர்றேன்."

அவ்வளவுதான் நான் செய்தது. இரண்டே வாக்கியம்.

ஐந்து நிமிடத்தில் விசில் சத்தம் கேட்டது. பிறகு ஓடும் கால்கள். பால் சொசைட்டிப் பக்கமிருந்து ஒரு கூச்சல். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மறைக்க விரும்பவில்லை. பிடித்துவிட்டார்கள், இனி பயமில்லை என்று நினைத்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அதன் பிறகுதான் அடி விழும் சத்தம் காதில் விழுந்தது. தாதியாக இருந்தவளுக்கு அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

கூட்டம் அவனை எங்கள் வாசலுக்கே இழுத்து வந்தது. நாற்பது பேருக்குக் குறையாது. பெண்களும் இருந்தார்கள். அவனுடைய சட்டை கிழிந்திருந்தது. வலது புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. இரண்டு பேர் அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"வூடு பாக்க வந்தேன்னு அவனே சொல்றான் அண்ணி!" என்று ஏழுமலை கத்தினார். அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "போன்ல பாருங்க, நம்ம தெரு வூடு அம்புட்டும் இருக்குது. வாங்க. வந்து பாத்துச் சொல்லுங்க, இவன்தானா?"

பூங்காவனம் நடக்க ஊன்றிக்கொள்ளும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் பூட்டைத் திறந்தேன். வாசற்படி வரை அவர் நடந்தார். அறுவைக்குப் பிறகு அவர் நடந்த அதிகபட்சத் தூரம் அதுதான்.

ஒருவர் அவன் கையை முன்னால் இழுத்துத் தூக்கிப் பிடித்தார். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.

"கயிறு! பாத்தீங்களா, கயிறு! நீங்க சொன்னீங்கல்ல?"

பூங்காவனம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். இரண்டு மாதமாக அந்த ஊர் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

"அப்படித்தான்... தெரியுது" என்றார்.

அவர் முடிப்பதற்குள் ஒரு கட்டை அவன் தோளில் இறங்கியது. அவன் மண்டியிட்டு விழுந்தான். விழும்போது அவன் கத்திய சொல் எனக்குத் தெரிந்த சொல். அம்மாவைக் கூப்பிடும் சொல், வங்காள மொழியில்.

எங்கள் மருத்துவமனைக்கு வங்காளதேசத் தொழிலாளர்கள் நிறைய வருவார்கள். சாரத்திலிருந்து விழுந்தவர்கள், இயந்திரத்தில் விரலை விட்டவர்கள். அவர்களிடம் பேச நான் கற்றுக்கொண்டது மொத்தம் ஐம்பது அறுபது சொற்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, சாப்பிட்டாயா, பயப்படாதே. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் முந்தானையை அவன் புருவத்தில் அழுத்தினேன். "பொய் நாய்" என்றேன். "பொய் நாய், பொய் நாய்." பயமில்லை என்று அர்த்தம்.

"அக்காவே திட்டுது பார்றா! பொய்யி, நாயின்னு சொல்லுது!" என்று யாரோ உற்சாகமாகக் கத்தினார்கள்.

"திட்டல! பயப்படாதேன்னு சொல்றேன்! அது வங்காளம்!" என்று நான் கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. "அடிக்காதீங்க! இவர் பேசட்டும்!"

அவன் பேசினான். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பெயர் சுபல். சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை. ஒரே அறையில் எட்டுப் பேர். மனைவியையும் குழந்தையையும் ஊரிலிருந்து வரவழைக்கப் போகிறான். அதனால் வீடு பார்க்க வந்தான். வாடகைக்கு.

வீடு பார்க்க. அவனுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. அதைத்தான் அவன் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்.

"பொய் சொல்றான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவன் கைபேசி ஏழுமலையிடம் இருந்தது. கேட்டேன். கொடுக்கத் தயங்கினார். "தம்பி, குடுங்க" என்றேன். கொடுத்தார். திரை விரிசல் விட்டிருந்தது. படங்கள் எல்லாம் ஒரே ஆளுக்குப் போயிருந்தன. எதிர்வீட்டு மஞ்சள் சுவர், பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை, கடைசியில் எங்கள் வீடு. அதில் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் என் முகம் தெரிந்தது. உள்ளே அடைத்து வைக்கப்பட்டவள் போல இருந்தேன்.

படங்களுக்குக் கீழே ஒரு குரல் செய்தி. தொட்டேன். ஒரு பெண்ணின் குரல். பின்னணியில் ஒரு குழந்தை சிணுங்கியது. மஞ்சள் வீடு நன்றாக இருக்கிறது, அங்கே தண்ணீர் வருமா என்று கேள். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. அதைத் தமிழில் சொன்னேன். மறுபடியும் ஒலிக்க விட்டேன்.

பெண்கள்தான் முதலில் அடங்கினார்கள். மஞ்சள் வீட்டுக்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ, தண்ணி வருமான்னு கேக்குறா பாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் கயிறு மீதி இருந்தது. ஏழுமலை அதை விடவில்லை.

"அப்ப கயிறு? அண்ணி, நீங்களே சொன்னீங்களே!"

பூங்காவனம் நடைச்சட்டத்தோடு ஒரு படி கீழே இறங்கினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையசைத்தார். சுபலின் கையைப் பிடித்திருந்தவரின் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு கட்டையை வைத்திருந்தவருடையதை. கடைசியாக ஏழுமலையுடையதை.

"உன் கையிலயும்தான் செவப்புக் கயிறு இருக்குது ஏழுமல" என்றார். குரல் கணீரென்று வந்தது. "தோ, இவன் கையில இருக்குது. அவன் கையில இருக்குது. நான் மொகத்தையே பாக்கல. இவன்னு எப்படிச் சொல்லுவேன்? சொன்னேனே, அதுதான் தப்பு. அவன வுடுங்கடா."

ஏழுமலை தன் மணிக்கட்டைப் பார்த்தார். அதை லுங்கியில் துடைத்தார், அழுக்கு ஒட்டியிருப்பதைப் போல. பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். கூட்டம் எப்படி வந்ததோ அதைவிட வேகமாகக் கரைந்தது. போலீஸ் ஜீப் வந்தபோது தெருவில் நின்றது நாங்கள் ஐந்தாறு பேர்தான்.

பூங்காவனம் போலீசாரிடம் ஒன்றுக்கு மூன்று முறை சொன்னார், இவர் இல்லை என்று. அவன் படம் எடுத்ததைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டது நான்தான் என்று நானும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். சுபலை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். ஏழு தையல், தோளெலும்பில் விரிசல் என்று மறுநாள் தகவல் வந்தது. அடித்தவர்கள் மேல் புகார் கொடுக்க அவன் மறுத்துவிட்டானாம். அவனை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் வந்து கூட்டிப்போனாராம்.

அடுத்த மூன்று நாட்கள் மோசமானவை. ஊர்க் குழுவில், மலேசியாவில் சொகுசாக இருப்பவர்களுக்கு நம்ம கஷ்டம் என்ன தெரியும் என்று ஒருவர் எழுதியிருந்தார். தெரியும் என்று பதில் எழுத நினைத்தேன். எழுதவில்லை. ஏழுமலை வீட்டுப் பக்கமே வரவில்லை. சாப்பாடு மட்டும் அவர் மனைவி கையில் வந்தது. தடுப்பில் நாற்காலிகள் இருந்தன, ஆனால் உட்கார ஆள் வரவில்லை. பெண்கள் களை எடுக்க இன்னமும் ஆறு பேராகத்தான் போனார்கள். செயினைப் பறித்தவன் இன்னும் எங்கேயோ இருக்கிறான். அந்தப் பயம் நியாயமானது. அதைக் கொண்டுபோய் யார் தலையில் இறக்கி வைப்பது என்பதில்தான் நாங்கள் தவறிவிட்டோம். நாங்கள் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பூங்காவனம் உடற்பயிற்சியை மட்டும் விடவில்லை. நான் சொல்லாமலே இருபது எண்ணினார். ஏழாம் நாள் பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்கு அது அவனாவே இருக்கணும்னு இருந்துச்சு சம்பந்தி" என்றார். "கயித்தப் பாத்ததும், அப்பாடான்னு இருந்துச்சு. அதான் வாயில அப்படி வந்துடுச்சு."

"எனக்கும்தான்" என்றேன். "நான் தண்ணி குடிச்சேன்."

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். நான் விளக்கவில்லை.

எட்டாம் நாள் காலை அவர் ஓர் ஆட்டோவை வரவழைத்தார். சேதராப்பட்டு போக வேண்டும் என்றார். கறிக்குழம்பும் சோறும் தூக்குச்சட்டியில் கட்டச் சொன்னார். இந்தக் காலோடு ஆட்டோவில் குலுங்கக் கூடாது என்று தாதியாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஏற்கனவே புடவை மாற்றிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரருக்கு இடம் தெரியவில்லை. தொழிற்பேட்டைக்குள் மூன்று முறை சுற்றி, ஒரு லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு, ஒரு டீக்கடையில் கேட்டுக் கண்டுபிடித்தோம். தகரக் கூரை போட்ட ஒரே வரிசை அறைகள். முன்னால் ஆள் உயரத் தகரக் கதவு. உள்பக்கம் சங்கிலி போட்டிருந்தது.

தட்டினேன். உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"யாரு? இன்னா வேணும்?"

அந்த ஊர்த் தமிழ் அச்சு அசலாக இருந்தது. பேசியவர் வங்காளி. இங்கே ஆறு வருடமாக இருக்கிறாராம். நாங்கள் யார் என்று சொன்னதும் உள்ளே நீண்ட நேரம் பேசிக்கொண்டார்கள். வேறு யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஆட்டோக்காரர் தள்ளி நிற்க வேண்டும் என்றார். எங்களை இடுக்கு வழியாகப் படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் சங்கிலி கழன்றது.

சுபல் வெளியே வந்தான். கண்ணைச் சுற்றி வீக்கம் வடிந்து மஞ்சளும் நீலமுமாக இருந்தது. கையைத் துணித் தொட்டிலில் கட்டியிருந்தான். எங்களை உட்காரச் சொல்லி, ஒரு வாளியைக் கவிழ்த்துப் பூங்காவனத்துக்குப் போட்டான். அவர் உட்காரவில்லை.

எனக்குத் தெரிந்த சொற்களில் மன்னிப்புக் கேட்கும் சொல் ஒன்று உண்டு. அதைச் சொன்னேன். போன் செய்தது நான்தான் என்பதைச் சொல்ல அந்த ஐம்பது சொற்கள் போதவில்லை. தமிழ் தெரிந்தவரிடம் சொல்லி, அவரைச் சொல்லச் சொன்னேன். அவர் தயங்கினார். பிறகு சொன்னார். சுபல் என்னைப் பார்த்தான். தலையை மட்டும் அசைத்தான். மன்னித்தான் என்று எனக்குச் சொல்லிக்கொள்ள ஆசை. அவன் தலையசைத்தான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பூங்காவனம் தூக்குச்சட்டியை நீட்டினார். "இவருக்குச் சொல்லுப்பா" என்று தமிழ் தெரிந்தவரிடம் சொன்னார். "எங்கூட்டுக்குப் பின்னால ஒரு ரூமு இருக்குது. என் பொண்ணு படிச்ச ரூமு. சும்மாதான் கெடக்குது. தண்ணி நாள் முழுக்க வரும். பொண்டாட்டி புள்ளைய இட்டுக்கினு வந்து இருக்கச் சொல்லு. எவனும் எதுவும் கேக்க மாட்டான். நான் பாத்துக்குறேன்."

அவர் சொல்லி முடிக்கும் வரை சுபல் பூங்காவனத்தின் நடைச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல நாலைந்து வாக்கியம் பேசினான். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"ரொம்ப நல்ல மனசுன்னு சொல்றான்மா. ஆனா இவன் சம்சாரம் வர மாட்டேன்னுட்டாங்க. யாரோ அன்னிக்கு வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க, அது சுத்திச் சுத்தி அவங்க ஊருக்கே போயிடுச்சு. அத அவங்க பாத்துட்டாங்க. அந்த ஊருக்குப் புள்ளையத் தூக்கிக்கினு நான் வர மாட்டேன், நீ கெளம்பி வந்துடுன்னு அழுவுறாங்களாம். ஞாயித்துக்கிழம ரயிலு."

சுபல் இடது கையால் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். கழுவித் திருப்பிக் கொண்டு வந்து கொடுத்தான். நாங்கள் வெளியே வந்ததும் சங்கிலி மறுபடி மாட்டப்படும் சத்தம் கேட்டது.

திரும்பும் வழியில் ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்தது. பூங்காவனம் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். தொழிற்பேட்டை முடிந்து கரும்பு வயல்கள் தொடங்கிய இடத்தில்தான் வாயைத் திறந்தார்.

"நானா இருந்தாலும் வர மாட்டேன் சம்பந்தி" என்றார்.